கூடைகளைத் திருப்பிக் கொடுங்கள், மரங்களை விட்டுவிடுங்கள்

நகராண்மைக் கழகத் தலைவர் அவர்களுக்கும் எங்கள் வட்டாரக் கவுன்சிலர் அவர்களுக்கும்,

சென்ற செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்கு உங்கள் குத்தகையாளரின் லாரி எங்கள் பழைய கித்தாக்காட்டுக்குள், அதாவது ரப்பர் மரக் காட்டுக்குள் நுழைந்து, டிஸ்க் கோல்ஃப் விளையாட நாங்கள் அங்கே நட்டிருந்த ஒன்பது இரும்புக் கூடைகளையும் பிடுங்கி ஏற்றிக்கொண்டு போனது. பேரன் ஓடிவந்து சொல்லி, நான் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது ஏழாவது கூடையை இரண்டு பேர் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தார்கள். சிமெண்டு போட்டு நட்டது, லேசில் வராது. கடைசியில் அடிக்குழாயை அறுத்தே எடுத்தார்கள். “என்ன தம்பி இது?” என்று கேட்டேன். “பெசி பூரோக், அங்கிள். மேலிடத்து ஆர்டர்” என்றது அந்தப் பிள்ளை. பழைய இரும்பாம். ஒன்பதையும் பற்றவைத்தவன் நான். முப்பத்தொரு வருடம் செம்பனை எண்ணெய் ஆலைப் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவன். எது பழைய இரும்பு, எது பார்த்துப் பார்த்துச் செய்த இரும்பு என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் பலகை வந்தது. ஃபுட்சால் என்கிற சிறுதிடல் காற்பந்துக்குத் திடலும் கார் நிறுத்துமிடமும் வரப்போகின்றனவாம். ஓடைக்கரை வரைக்கும் மரங்களில் சிவப்புச் சாயத்தில் பெருக்கல் குறி போட்டிருக்கிறார்கள்.

இதே கடிதத்தை மலாயில் எழுதி உங்கள் முகப்பில் கொடுத்து முத்திரையும் வாங்கிவிட்டேன். தமிழில் எழுதுவது, லயத்து வரிசை வீடுகளிலும் தாமான் குடியிருப்பிலும் இருக்கிற நம்மவர்களும் படிக்க வேண்டும் என்பதற்காக. நான் சொல்வதில் பொய் இருந்தால் அவர்களே சொல்லட்டும்.

முகப்பில் இருந்த அம்மாவைக் குறை சொல்லமாட்டேன். பொறுமையாகத்தான் கேட்டார். புகாரைக் கணினியில் பதியும்போது என்ன விளையாட்டு என்றார். டிஸ்க் கோல்ஃப் என்றேன். பட்டியலைக் கீழே கீழே இழுத்தார். செப்பாக் தக்ராவ் இருக்கிறது, பெத்தாங் இருக்கிறது, எங்கள் விளையாட்டு இல்லை. கடைசியில் ‘லாயின்-லாயின்’ என்ற கட்டத்தில் போட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். ஆக, உங்கள் மேசைக்கு வரும்போது நாங்கள் ‘மற்றவை’. அதனால் அது என்ன விளையாட்டு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கோல்ஃப் மாதிரிதான். பந்துக்குப் பதில் தட்டு, குழிக்குப் பதில் சங்கிலி தொங்குகிற கூடை. குறித்த இடத்தில் நின்று எறிய வேண்டும். தட்டு விழுந்த இடத்துக்கு நடந்து போய் அங்கிருந்து மறுபடி எறிய வேண்டும். குறைந்த எறியில் கூடைக்குள் போட்டவர் வென்றவர். தட்டு என்றதும் கடற்கரையில் பிள்ளைகள் வீசிப் பிடிக்கும் ஃபிரிஸ்பீயை நினைக்காதீர்கள். இது அதைவிடச் சிறியது, கெட்டியானது. குறுக்களவு 21 சென்டிமீட்டர், எடை 170 கிராம் சுமாருக்கு. எட் ஹெட்ரிக் என்ற அமெரிக்கர் 1975இல் கலிபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் இதற்கான முதல் ஆடுகளத்தை அமைத்தார். அப்போது இலக்கு வெறும் கம்பம்தான். சங்கிலிக் கூடையையும் பிறகு அவரே உருவாக்கி 1977இல் காப்புரிமை வாங்கினார். 2002இல் அவர் இறந்தபோது அவருடைய சாம்பலைப் பிளாஸ்டிக்கில் கலந்து தட்டுகளாகவே வார்த்துவிட்டார்கள். நாம் கடலில் கரைக்கிறோம், அந்த மனிதர் பறக்கப் போய்விட்டார்.

இந்த விளையாட்டை நான் பார்த்தது 2019இல், பிரெமர்ட்டனில். என் மகள் வாழ்க்கைப்பட்ட ஊர். வாஷிங்டன் மாநிலத்தில் இருக்கிறது, சியாட்டலிலிருந்து ஃபெரியில் ஒரு மணி நேரம். 1891இல் தொடங்கிய கடற்படைக் கப்பல் பட்டறைதான் அந்த ஊருக்குச் சோறு போடுகிறது. விமானந்தாங்கிக் கப்பல் கரையோடு ஒட்டி மலை மாதிரி நிற்கும். பஸ்ஸில் போகிறவர்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கடற்படைத் தளம் இருக்கிற நம்ம லூமுட் என்று வைத்துக்கொள்ளுங்கள், குளிரும் தூறலும்தான் கூடுதல்.

அங்கே என்.ஏ.டி. பூங்கா என்று ஒரு காடு உண்டு. அந்த மூன்று எழுத்துகளின் விரிவு ‘கடற்படை வெடிமருந்துக் கிடங்கு’. பெயரைக் கேட்டுவிட்டு நான் வரவில்லை என்றேன். மருமகன் விடாமல் அழைத்துப்போனார். வானத்தை மறைத்துக்கொண்டு டக்ளஸ் ஃபர் மரங்கள், கீழே முழங்கால் உயரத்துக்குப் பெரணி, நடுவே ஒற்றையடிப் பாதை, பாதை திரும்புகிற இடத்தில் ஓர் இரும்புக் கூடை. என் முதல் தட்டு பத்தடியில் நின்ற மரத்தில் மோதி என் காலுக்கே திரும்பி வந்தது. மருமகன் மரியாதைக்குச் சிரிக்கவில்லை. எங்களுக்குப் பின்னால் வந்த பட்டறைத் தொழிலாளர்கள் இரண்டு பேர், சீருடையின் முழங்கையில் கிரீஸோடு, ஒதுங்கி நின்று எங்களை முடிக்கவிட்டார்கள். காசு கேட்க யாரும் இல்லை, வாயிற்கதவும் இல்லை.

என் கண் கூடையின் பற்றவைப்பில் இருந்தது. இதை நான் செய்வேன் என்று அப்போதே மருமகனிடம் சொல்லிவிட்டேன். ஆனால் வீட்டுக்குத் திரும்பிய பிறகும் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது இன்னொன்று. ஒரு விளையாட்டுக்காக அந்தக் காட்டை யாரும் சமப்படுத்தியிருக்கவில்லை. மரம் நின்ற இடத்தில் நிற்கிறது, ஆட்டம் அதைச் சுற்றிப் போகிறது. எனக்குத் தெரிந்து திடல் என்றால் முதல் வேலை புல்டோசர்தான். இங்கே மரம்தான் விளையாட்டின் பாதி.

இனி நம் ஊர்.

நீங்கள் பலகை நட்டிருக்கிற மூன்று ஏக்கர், பழைய தோட்டத்தின் மூன்றாவது டிவிஷனில் மிச்சப்பட்டது. மற்ற இடமெல்லாம் செம்பனையாக மாறியபோது, சரிவும் ஓடையும் இருந்ததால் அந்த மூலையை விட்டுவிட்டார்கள். பிறகு நிலம் கைமாறி, தாமான் எழும்பி, சட்டத்துக்காக ஒதுக்கிய திறந்தவெளியாக அது உங்கள் கணக்கில் வந்து சேர்ந்தது. கணக்கில் மட்டும். ஒரு குப்பைத்தொட்டிகூட அங்கே வந்ததில்லை. கித்தா மரங்கள் தம்பாட்டுக்கு வளர்ந்தன. நடுவில் பெத்தாய் மரம் இரண்டு, காட்டு மாமரம் ஒன்று, ஓடையோரம் மூங்கில், மற்றபடி பெலுக்கார்ப் புதர். என் அம்மா பால் வெட்டிய நிரை அதுதான். வெட்டுக் காயத்தின் தழும்பு பல மரங்களில் இன்னும் இருக்கிறது. கையை வைத்தால் அப்பளம் மாதிரி வீங்கியிருக்கும்.

2021இல் நாங்கள் உள்ளே போனபோது அங்கே இருந்தது சம்சுச் சாராய போத்தல். நானும் எதிர்வீட்டு மண்டோர் அண்ணனும் நாலு பிள்ளைகளும் சேர்ந்து பொறுக்கியது பதினோரு சாக்கு. ஊசியும் இருந்தது, அதைப் பிள்ளைகளைத் தொடவிடவில்லை. தண்ணீர் தேங்கிய டப்பா, டயர் எல்லாவற்றையும் வெளியே கொண்டுவந்தோம். குப்பை லாரிக்குச் சொல்லியும் வரவில்லை. அண்ணனே தம் வேனில் ஏற்றிக்கொண்டுபோய்க் கொட்டினார். பெட்ரோலுக்கு அவர் இன்றுவரை கணக்குக் கேட்கவில்லை.

கூடைகளைச் செய்தது கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில். வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தபோது கைக்கு வேலை வேண்டியிருந்தது. மேல் வளையத்துக்கு கப்சாய் மோட்டார் சைக்கிளின் 17 அங்குல ரிம். அதில் 36 ஸ்போக் ஓட்டை இருக்கும். ஒன்றுவிட்டு ஒன்றில் கொக்கி போட்டு 18 சங்கிலி. சங்கிலிகளின் கீழ்நுனி எல்லாம் நடுக்குழாயில் ஒரு வளையத்தில் வந்து சேரும். அதற்குக் கீழே கம்பியை வளைத்துத் தட்டு விழுகிற கூடை. முதல் கூடையில் சங்கிலியை இறுக்கிக் கட்டிவிட்டேன். தட்டு பட்டதும் பந்து மாதிரித் தெறித்து வெளியே வந்தது. சங்கிலி தொய்வாக இருந்தால்தான் வேகத்தை வாங்கிக்கொள்ளும் என்று அப்புறம்தான் புரிந்தது. மறுபடி அறுத்து, இரண்டிரண்டு கண்ணி கூட்டிப் பற்றவைத்தேன். முறையான போட்டிக் கூடை எங்கள் கூடையைவிட அகலம். எங்கள் பிள்ளைகள் சிறியதிலேயே போட்டுப் பழகியதால் குறி நன்றாகவே இருக்கிறது. தட்டு சங்கிலியில் விழும் சத்தம், பால் சுமக்கிற காண்டாக் கம்பில் காலி வாளிகளை மாட்டிக்கொண்டு யாரோ வேகவேகமாக நடந்து போவதைப் போல இருக்கும். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அந்தச் சத்தம் எது என்று சொல்ல வேண்டியதில்லை.

அனுமதி வாங்கினாயா என்று கேட்பீர்கள். 2021இல் ஒரு கடிதம் கொடுத்தேன், நகல் என்னிடம் இருக்கிறது. பதில் வரவில்லை. பதில் வராததையே அனுமதி என்று எடுத்துக்கொண்டது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாலு வரிப் பதில் எழுத முடியாத அலுவலகம் லாரியை மட்டும் சொன்ன நேரத்துக்கு அனுப்புகிறதே, அது எப்படி என்றும் கேட்கத் தோன்றுகிறது.

இன்னொரு தவறையும் நானே சொல்லிவிடுகிறேன். உங்கள் கோப்பில் அது நிச்சயம் இருக்கும். இரண்டு வருடத்துக்கு முன் ஓடையோரம் பாக்குக் கீரை, அதாவது பெரணிக் கொழுந்து பறிக்க வந்த ஓர் அக்காவின் தோளில் தட்டு பட்டது. கன்றிப்போய்விட்டது. நாங்கள்தான் கிளினிக்குக்கு அழைத்துப்போனோம். அவர் கோபப்பட்டதில் நியாயம் இருக்கிறது. கீரை பறிக்கிற இடத்தில் யார் தட்டு வரும் என்று எதிர்பார்ப்பார்? அந்த வாரமே நாலாவது கூடையை ஓடையைப் பார்த்த திசையிலிருந்து மேட்டுப் பக்கம் மாற்றி நட்டோம். பாதை தெரியாத இடத்தில் எறிவதற்கு முன் ஒரு பிள்ளை முன்னால் போய் நிற்க வேண்டும், எறிகிறவர் “தட்டு!” என்று கத்த வேண்டும் என்று விதி வைத்தோம். அதற்குப் பிறகு ஒருவர்மேலும் பட்டதில்லை. அந்த அக்காவே இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் தம் மகனைக் கொண்டுவந்து விடுகிறார். அவரைக் கேட்டுப் பாருங்கள்.

இப்போது மூன்றாவது கூடையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது புரிந்தால் என் கடிதம் முழுவதும் புரியும்.

எறியும் இடத்தில் நின்றால் இரண்டு பக்கமும் கித்தா நிரை நேராக ஓடும். நாற்பது தப்படி தூரத்தில் நிரைக்குக் குறுக்கே ஒரு மரம் விழுந்து, பக்கத்திலேயே முளைத்து, வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. கூடை அதற்குப் பின்னால், வலப்பக்கம். வலக்கைக்காரர் மார்புக்குக் குறுக்கே கையைக் கொண்டுபோய் இழுத்து எறிந்தால், வேகம் குறையும்போது தட்டு இடப்பக்கம் சாயும். அப்படி எறிந்து நான் அந்த மரத்தை அடித்த கணக்கு எனக்கே வெட்கம். லயத்துக் கடைசி வீட்டுப் பெண்பிள்ளை, அப்போது பதிமூன்று வயது, பேச்சே இல்லாமல் ஒரு மாதம் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் தட்டை வாங்கி, பக்கவாட்டில், குளத்தில் ஓட்டுச்சில்லு வீசுகிற மாதிரி வீசினாள். அப்படி வீசினால் சுழற்சி மாறும், கடைசியில் தட்டு வலப்பக்கம் சாயும். மரத்தைத் தாண்டும்வரை நேரே போய், தாண்டியதும் தலையைச் சாய்த்துத் திரும்பி மறைந்தது. எங்களுக்குக் கூடை தெரியவில்லை. சங்கிலிச் சத்தம் மட்டும் கேட்டது.

அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வழியை மறைத்துக்கொண்டு நின்ற அந்த மரம்தான் சொல்லிக்கொடுத்தது. அந்த மரத்திலும் இப்போது சிவப்புக் குறி இருக்கிறது.

பிள்ளைகள் விளையாட இடம் தருகிறோம் என்றுதானே மரங்களை எடுக்கிறீர்கள்? பிள்ளைகள் அங்கே வந்ததே மரங்களுக்காகத்தான் ஐயா. நாலு மணி வெயிலில் திடலில் நிற்க முடியாத பிள்ளை அந்த நிழலில் ஆறரை வரை நிற்கிறது. ஓடத் தெரியாத பிள்ளையும், மூச்சு இரைக்கிற பிள்ளையும், என்னைப் போல முழங்கால் போன கிழவனும் ஒரே ஆட்டத்தில் சேர்ந்து நடக்கலாம். ஃபுட்சாலில் என்னை யார் சேர்த்துக்கொள்வார்கள்? நடுவராகக்கூட நிற்க முடியாது.

ஃபுட்சாலுக்கு நான் எதிரி இல்லை. தோட்டத்துக் காற்பந்துக் குழுவில் ஏழு வருடம் கோல்காப்பாளராக நின்றவன். ஆனால் இந்த ஊரில் ஃபுட்சால் திடல் ஏற்கெனவே இருக்கிறது, பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தை போடுகிற சாலையில். வலை கிழிந்து, நாலு விளக்கில் ஒன்று எரிகிறது. ஒரு மணி நேரத்துக்கு 60 வெள்ளி (ரிங்கிட்). பத்துப் பிள்ளைகள் ஆளுக்கு ஆறு வெள்ளி போட வேண்டும். லயத்துப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் செலவுக்கே இரண்டு மூன்று வெள்ளிதான் கிடைக்கிறது. எங்கள் ஆட்டத்துக்கு ஒரு தட்டு போதும். எழுபது வெள்ளிக்கு வாங்குகிறோம், தொலையாமல் பார்த்துக்கொண்டால் வருடக்கணக்கில் உழைக்கும். மகள் அனுப்பிய ஒன்பது தட்டில் ஏழு இன்னும் இருக்கின்றன. ஒன்று ஓடையோடு போனது. மற்றொன்று பெத்தாய் மரத்தின் உச்சியில் இருக்கிறது, குரங்குக்கும் வேண்டாமாம்.

பலகையில் ஒட்டியிருக்கிற வரைபடத்தையும் பார்த்தேன். வரைபடம் படிக்கத் தெரிந்தவன்தான். ஃபுட்சால் திடல் 40 மீட்டருக்கு 20 மீட்டர், அதாவது 800 சதுர மீட்டர். மூன்று ஏக்கர் என்பது 12,000 சதுர மீட்டருக்கும் மேல். பதினைந்தில் ஒரு பங்குக்குத் திடல். மிச்சத்தில் பெரும்பகுதி கார் நிறுத்த. இந்தத் தாமானில் யார் காரில் ஏறி ஃபுட்சால் ஆட வரப்போகிறார்கள் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

சட்டத்தையும் படித்தேன். 1976ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டச் சட்டம், சட்டம் 172. சுற்றளவு 0.8 மீட்டருக்கு மேல் உள்ள மரத்தை ஊராட்சி மன்றத்தின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் யாரும் வெட்டக்கூடாது என்று அதில் இருக்கிறது. எந்த ஊராட்சி மன்றம் என்றால், நீங்கள்தான். மனைவியின் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு போனேன். பிள்ளைகள் சுற்றிப் பிடிக்க, பேரன் நோட்டில் எழுதினான். குறி போட்ட மரங்களில் 0.8 மீட்டருக்கு மேற்பட்டவை 64. ஆகப் பெரியது அந்தக் காட்டு மாமரம், 2.9 மீட்டர். டேப் போதாமல் இரண்டு தடவையாக அளந்தோம். என் வேலிக்குள் இருக்கிற மரத்தை நான் வெட்டினால் என்மேல் வழக்குப் போட உங்களுக்கு அதிகாரம் இருக்கிறது. நீங்களே வெட்டினால் நான் எந்த முகப்பில் போய்க் கேட்பது? அந்த 64 மரங்களுக்கும் அனுமதி எழுதியது யார், எந்தத் தேதியில், என்ன காரணம் காட்டி? அந்தக் காகிதத்தைப் பார்க்க விரும்புகிறேன்.

ஓடையும் இருக்கிறது. மூன்று மீட்டர் அகலம்தான், ஆனால் மழைக்காலத்தில் அதன் குணம் வேறு. ஐந்து மீட்டருக்குக் குறுகிய ஓடை என்றாலும் இரு கரையிலும் ஐந்தைந்து மீட்டர் விடவேண்டும் என்பது வடிகால், நீர்ப்பாசன இலாகாவின் வழிகாட்டி. உங்கள் சிவப்புக் குறியில் சில, தண்ணீரில் கால் வைத்து நிற்கிற மரங்களில் இருக்கின்றன. அந்த வேர்கள் போனால் சரிவு மண் எங்கே போகும் என்று தாமானின் கீழ்வரிசை வீட்டுக்காரர்களைக் கேளுங்கள். மேட்டுப் பக்கம் மண்ணை வெட்டியதிலிருந்து அவர்கள் வருடம் தவறாமல் சமையலறையில் சேறு வழிக்கிறார்கள்.

வெறும் கித்தா மரம்தானே, காலம் முடிந்த மரம், பால்கூட இல்லை என்று உங்கள் அதிகாரி ஒருவர் சொன்னதாகக் கேள்வி. கோலகங்சாரில் மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் 1877இல் நட்ட கித்தா மரம் ஒன்று நிற்கிறது. அதிலும் யாரும் பால் எடுப்பதில்லை. அதற்கு வேலி போட்டு, பலகை வைத்து, பள்ளிப் பிள்ளைகளைப் பஸ்ஸில் கொண்டுபோய்க் காட்டுகிறோம். அது சரிதான், காட்ட வேண்டியதுதான். அங்கே நட்டவர்களின் பெயர் இருக்கிறது. இங்கே விடியற்காலை நாலு மணிக்குத் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு நிரை நிரையாக வெட்டினவர்கள் பெயர் ஒரு பலகையிலும் இல்லை. பலகை வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை. மரம் நின்றால் போதும்.

நான் கேட்பது இவைதான்.

முதலில், கூடைகள். ஒன்பதையும் திருப்பித் தாருங்கள். இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிட்டீர்கள் என்றால் எந்தக் கடை என்றாவது சொல்லுங்கள், என் காசில் மீட்டுக்கொள்கிறேன். அறுத்த குழாயை நானே பற்றவைத்துக்கொள்வேன்.

இரண்டாவது, இந்தக் கடிதத்துக்கு எழுத்தில் பதில் வரும்வரை அந்த மூன்று ஏக்கரில் ஒரு மரத்தின்மேலும் வாள் படக்கூடாது. குத்தகையாளருக்கு அதை எழுத்தில் சொல்லுங்கள். வாய்ச்சொல்லில் சொன்னால் அது லாரிவரை போய்ச் சேராது என்று பார்த்துவிட்டோம்.

ஃபுட்சால் திடல் கட்டத்தான் வேண்டும் என்றால் கோயிலுக்குப் பின்னால் பழைய தோட்டத் திடல் இருக்கிறது. பாதி சதுப்பாகிக் கிடக்கிறது. வடிகாலைச் சரிசெய்து அங்கே கட்டுங்கள். மரம் ஒன்றுகூட விழாது, பஸ் நிறுத்தமும் பக்கம். அதற்கு முன், இருக்கிற திடலின் மூன்று விளக்கையும் மாற்றுங்கள். அதற்கு ஒரு ஏணியும் ஓர் ஆளும் போதும்.

அந்தக் காட்டைத் திறந்தவெளியாகவே வைத்து, மாலை நேரத்தில் எங்களுக்கு விளையாட எழுத்தில் அனுமதி கொடுங்கள். நிபந்தனை போடுங்கள், கட்டுப்படுகிறோம். ஓடைப்பக்கம் எறியக்கூடாது என்றால் எறியமாட்டோம். எச்சரிக்கைப் பலகை நான்கு மொழியிலும் நானே எழுதி நடுகிறேன். பாக்குக் கீரை பறிக்க வருபவர்களுக்குக் காலை நேரம், எங்களுக்கு மாலை நேரம் என்று ஏற்கெனவே எங்களுக்குள் பேசி வைத்திருக்கிறோம். மாதம் ஒரு முறை குப்பை பொறுக்குவதும் தொடரும். மூட்டைகளை எடுக்க லாரி அனுப்பினால் மண்டோர் அண்ணனின் வேன் பிழைக்கும். அப்படியே முகப்பு அம்மாவின் கணினியில் எங்கள் விளையாட்டுக்கும் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.

கவுன்சிலர் அவர்களே, உங்களுக்குத் தனியாக ஒன்று. நீங்களும் இந்தத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தவர், அந்த ஓடையில் மீன் பிடித்தவர். அடுத்த கூட்டத்தில் இந்தத் திட்டம் வரும்போது எழுந்து ஒரு கேள்வி கேளுங்கள்: குறி போடுவதற்கு முன் இங்கே யாராவது வந்து பார்த்தார்களா? பதிலைக் கூட்டக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள்.

கடைசியாக, தலைவர் அவர்களும் நேரில் வந்து பார்க்க வேண்டும். வரும் சனிக்கிழமை மாலை நாலரை மணிக்கு லயத்து முனையில் நாங்கள் நிற்போம். கூடை இல்லை, அதனால் மூன்றாவது இடத்தில் ஒரு மூங்கில் கம்பை நட்டு வைத்திருக்கிறோம். ஹெட்ரிக்கும் கம்பத்தில்தானே தொடங்கினார். பெண்பிள்ளையும் வருவாள், எறிந்து காட்டுவாள். காலுறையை முழங்கால்வரை இழுத்துவிட்டு வாருங்கள், மழை பெய்திருக்கிறது, அட்டை இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆலை ஃபிட்டர்,
லயத்து முதல் வரிசை